கணக்குக்கு மேல் தங்கம்

“தங்கம் குறையுதுன்னு யாராவது வந்தா எனக்குப் புரியும்மா. கூடுதுன்னு பயந்துக்கிட்டு வந்த முதல் ஆளு நீங்கதான்” என்றார் ஜெயச்சந்திரன். “இது தொத்து வியாதியா? தொத்தும்னா சொல்லுங்க, கொஞ்சம் பக்கத்துல வந்து உக்காருறேன்.”

எதிர் நாற்காலியில் இருந்த சுபாஸ்ரீ சிரிக்கவில்லை. அவளுடைய வலது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கட்டுப் போட்டிருந்தது. கட்டின் ஓரத்தில் தோல் வெந்து சுருங்கியிருந்தது. பூர்ணா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூர்ணா இதற்கு முன் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவள். எரிந்துபோன கடைகளுக்கும் குடோன்களுக்கும் போய், எது தானாகப் பிடித்த தீ, எது வைத்த தீ என்று பிரித்துச் சொல்வது அவள் வேலை. ஒரு நாள் மேலதிகாரியின் மைத்துனர் குடோனையும் அப்படிப் பிரித்துச் சொன்னதில் வேலை போயிற்று. இப்போது, ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகள் நிறைந்த சைனிக்புரியில் ஒரு பேக்கரி மாடியில் துப்பறியும் அலுவலகம். ஜெயச்சந்திரன் அவளைவிட நன்றாக மூத்தவர். லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காரை ஓட்டுவார், பூட்டுகளைத் திறப்பார், வாயை மட்டும் மூடமாட்டார்.

“ஜெய் அண்ணா, அவங்க பேசட்டும்” என்றாள் பூர்ணா. “முதல்லேருந்து சொல்லுங்க சுபாஸ்ரீ. நாங்க ரெண்டு பேரும் கெமிஸ்ட்ரியில தோத்தவங்கன்னு நெனச்சுக்கிட்டுச் சொல்லுங்க.”

“நெனைக்கவே வேணாம். நான் நெஜமாவே தோத்தேன்” என்றார் ஜெயச்சந்திரன்.

சுபாஸ்ரீ தண்ணீர் குடித்துவிட்டுப் பேசினாள். நாகர்கோவிலிலிருந்து வந்தவள். மல்லாபூரில் ஒரு சின்னக் கம்பெனியில் வேதியியல் ஆராய்ச்சி.

“பழைய கம்ப்யூட்டர், செல்போன் போர்டெல்லாம் எங்ககிட்ட வரும். அதுல மெல்லிசாத் தங்க முலாம் இருக்கும். அமிலத்துல போட்டா தங்கம் கரைஞ்சு தண்ணியாயிரும். அந்தத் தண்ணியிலேருந்து தங்கத்தைத் திரும்ப எடுக்கணும். மத்தவங்க விலை கூடின மருந்தெல்லாம் போடுவாங்க. நான் புளியங்கொட்டைத் தோல் போடுறேன்.”

“புளியங்கொட்டையா?” ஜெயச்சந்திரன் நிமிர்ந்தார். “அதை வெச்சு நான் தாயம் விளையாடியிருக்கேன். தங்கம் எடுக்கலாம்னு ஒருத்தனும் சொல்லலையே!”

“கொட்டை இல்ல சார், மேல இருக்கிற செவப்புத் தோலு. மாவு மில்லுல கழிச்சுப் போடுறது. வாயில போட்டா துவர்க்கும்லா, அந்தத் துவர்ப்புக்குத் தங்கம்னா உயிரு. தோலை அரைச்சுப் பதப்படுத்தி ஒரு நீளக் குழாய்ல அடைச்சு, தண்ணியை அது வழியா விடுவோம். செம்பு, இரும்பு எல்லாம் தண்ணியோட போயிரும். தங்கம் மட்டும் தோல்ல ஒட்டிக்கும். தோலை எரிச்சா சாம்பல்ல தங்கம்.”

அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. உடனே அணைந்தது.

“ரெண்டு மாசமா போர்டுல இருக்கிறதைவிடக் கூடுதலாத் தங்கம் வருது. முதல்ல என் கணக்குத் தப்புன்னு நெனச்சேன். திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தேன். இல்லாத தங்கம் எங்கேருந்து வரும்? முதலாளி ஆனந்தகுமார் சார்கிட்ட சொன்னேன். ‘நல்லதுதானே, இதைப் போய் யாராவது நோண்டுவாங்களா’ன்னாரு. யாரோ வெளியிலேருந்து தொட்டியில எதையோ ஊத்துறாங்கன்னு எனக்குச் சந்தேகம். தொட்டிக்கு மேல ஒரு கேமரா வெச்சேன். ஒருத்தரும் வரலை.”

“அப்புறம்தான் கை வெந்ததா?”

“அமிலக் குழாயோட கிளாம்ப் கழண்டு கையில அடிச்சுருச்சு. அந்த மாதிரி நேரத்துக்குன்னு ஒரு ஷவர் இருக்கு. ஓடிப்போய் இழுத்தேன். தண்ணி வரலை. மேல வால்வை இறுக்கி மூடி, திருகுற பிடியையே யாரோ கழட்டிட்டுப் போயிருந்தாங்க.” கட்டுப் போட்ட கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். “நேத்துக் காலையில வேலைக்குக் கிளம்புறேன். எங்க அபார்ட்மென்ட் வாசல்ல, என் ஸ்கூட்டர் சீட்டு மேல இது இருந்துச்சு.”

பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். சிவப்புப் பெயின்ட் அடித்த, உள்ளங்கை அகல இரும்புச் சக்கரம். வால்வின் பிடி.

ஜெயச்சந்திரன் அதை எடுத்துப் பார்த்தார். நடுத் துளையை விரலால் தடவினார்.

“ஸ்பேனர் போட்டுப் பொறுமையாக் கழட்டியிருக்கான் மேடம். ஒரு கீறல் இல்ல. அவசரப்படாத ஆளு.”

*

அன்றைக்கே மல்லாபூருக்குப் போனார்கள். பூர்ணா தன் பழைய இன்சூரன்ஸ் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

“தேதி முடிஞ்சு போச்சே மேடம்” என்றார் ஜெயச்சந்திரன்.

“தேதியை யாரும் பார்க்கமாட்டாங்க. போட்டோவைப் பார்த்துட்டு முகத்தைப் பார்ப்பாங்க.”

“அப்போ கஷ்டம். போட்டோவுல சிரிச்சுக்கிட்டு இருக்கீங்க.”

கம்பெனி தெருவின் கடைசியில் இருந்தது. தகரக் கூரை, புகைக் குழாய், மூக்கின் உள்ளே குத்துகிற புளித்த நெடி. சுவரை ஒட்டி வளர்ந்திருந்த வேப்பமரத்தில் கம்பெனிப் பக்கத்துக் கிளைகள் மட்டும் கருகியிருந்தன.

ஆனந்தகுமார் வாசலுக்கே வந்துவிட்டார். கோயம்புத்தூர்க்காரர். நெற்றியில் விபூதி, கையில் கைக்குட்டை.

“வாங்க மேடம், வாங்க. டீ சாப்பிடறீங்களா, மோர் சொல்லட்டுங்களா? இன்சூரன்ஸ்காரங்க வர்றதா யாரும் சொல்லலீங்களே?”

“சொல்லிட்டு வந்தா எல்லாம் சுத்தமா இருக்கும்” என்றாள் பூர்ணா. “அமிலத் தொட்டியைக் காட்டுங்க.”

அவர் கைக்குட்டை நெற்றிக்குப் போயிற்று. ஆனால் தொட்டியைக் காட்டத் தயங்கவில்லை. பூர்ணா சுற்றி வந்து பார்த்தாள். மூடி இரும்புச் சட்டத்தோடு பூட்டப்பட்டிருந்தது. சாவி சுபாஸ்ரீயிடம் மட்டும். குழாய்கள் கண்ணுக்கு நேராக ஓடின. யாரும் எதையும் உள்ளே ஊற்ற வழியே இல்லை. அவர் ஏன் பயப்படவில்லை என்பதுதான் அவளை உறுத்தியது. தவறு செய்கிறவர்தான்; ஆனால் தவறு இங்கே இல்லை.

அந்த நேரத்தில் ஜெயச்சந்திரன் பின்கட்டுக் கொட்டகைக்குப் போயிருந்தார். அங்கே புளியங்கொட்டைத் தோல் மூட்டைகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. அரையிருட்டில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிற மனிதர்களைப் போல இருந்தன. ஒரு மூட்டையின் வாய் அவிழ்ந்திருந்தது. முழங்கை வரை கையை உள்ளே விட்டார். மேலே காய்ந்திருந்த தோல், உள்ளே ஈரமாக இருந்தது. விரலில் உருண்டையாக ஒன்று சிக்கியது.

“சார், சாக்குப் பக்கம் போகாதீங்க. தூசு. உடம்புக்கு ஆகாது.”

மென்மையான தெலுங்கு. திரும்பினார். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் பின்னால் நின்றிருந்தான். வந்த சத்தமே கேட்கவில்லை. வாசலில் அவன் டெம்போ நின்றிருந்தது.

“நீங்க?”

“ராகவேந்திரா. இந்தத் தோலை மில்லுலேருந்து கொண்டுவந்து கொடுக்கிறவன்.” சிரித்தான். வணக்கம் சொல்லக் கூப்பிய கைகளில் பத்து விரல்களும் அடர்ந்த மருதாணிச் சிவப்பு. “உங்களுக்கு வயசாயிடுச்சு. பத்திரமா இருக்கணும்.”

சிரிப்பு கண்வரைக்கும் ஏறவில்லை. ஜெயச்சந்திரன் கையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

காரில் ஏறியதும் பூர்ணா உதட்டைப் பிதுக்கினாள். “தொட்டியில ஒண்ணுமில்லை.”

“சாக்குல இருக்கு.” அவர் பையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். மிளகு அளவு கறுப்புக் கண்ணாடி மணி. “நல்லபூசலு. என் வீட்டுல ரமணி கழுத்துல இருக்கு. தெலுங்குக்காரங்க தாலியோட சேர்த்துக் கோக்குற கருமணி.”

“மில்லுல வேலை செய்யுற பொம்பளை யாரோடதாவது அறுந்து விழுந்திருக்கலாம்.”

“ஹவ், ஆமா, விழுந்திருக்கலாம்” என்றார். “ஆனா அந்த ஆளு என்னைப் பாத்த பார்வை, மணி விழுந்த மாதிரி இல்ல மேடம்.”

அன்று மாலை பூர்ணா தனக்குத் தெரிந்த சப்-இன்ஸ்பெக்டர் ஒருவருக்குப் போன் செய்தாள். பெரிதாக நகைத் திருட்டுப் புகார் ஏதாவது உண்டா என்று கேட்டாள். அப்படி ஒன்றும் இல்லை என்றார் அவர்.

*

மறுநாள் காலையில் ஜெயச்சந்திரன் அலுவலகத்துக்குள் வலது கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார்.

“ரமணி சண்டை போடுறா மேடம். எவளோட ஹோலி விளையாடப் போனேன்னு கேக்குறா. இந்த வயசுல எனக்கு யாரு சாயம் பூசப் போறா, சொல்லுங்க.”

துண்டை எடுத்தார். விரல் நுனிகளும் நகக்கண்களும் மணிக்கட்டின் மடிப்புகளும் ஊதா நிறமாகியிருந்தன. அழுகிய நாவல்பழத்தின் நிறம். சோப்பு, மண்ணெண்ணெய், எலுமிச்சம்பழம் எல்லாம் போட்டுப் பார்த்தாகிவிட்டது. போகவில்லை.

பூர்ணா உடனே சுபாஸ்ரீயை வரவழைத்தாள். அந்தக் கையைப் பார்த்ததும் சுபாஸ்ரீ வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“நேத்துத் தொட்டியில கையை விட்டீங்களா?”

“நக்கோம்மா, இல்லவே இல்ல. தொட்டிப் பக்கமே நான் போகலை.”

“பொய் சொல்லாதீங்க சார். தங்கம் கரைஞ்ச தண்ணி பட்டாத்தான் இப்படி ஆகும். பட்டதும் ஒண்ணும் தெரியாது. வெளிச்சம் பட்டு, மெதுவா ஊதாவாகும். மனுஷன் தோலும் அந்தக் கொட்டைத் தோல் மாதிரிதான், தங்கத்தைப் பிடிச்சு வெச்சுக்கும்.”

“அண்ணா, நேத்து நீங்க என்னதான் தொட்டீங்க?” என்று கேட்டாள் பூர்ணா.

“சாக்கு. சாக்கை மட்டும்தான்.”

கீழே பேக்கரியில் யாரோ தட்டை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு பூர்ணாதான் மெல்லச் சொன்னாள்.

“சுபாஸ்ரீ, நீங்க தண்ணிக்குக் காவல் வெச்சீங்க. தங்கம் தண்ணியில வரலை. தங்கத்தைப் பிடிக்கிறதுக்குன்னு நீங்க வாங்குற தோல்லயே அது ஏற்கெனவே இருக்கு. வேற எங்கேயோ நகையைக் கரைச்சு, அந்தத் தண்ணியில தோலை ஊறப்போட்டு, காயவெச்சு, சாக்குல கட்டி அனுப்புறாங்க. கடைசியா வந்த சாக்குல அவசரம். சரியா ஊறலை, காயலை. அதனாலதான் ஈரம், அதனாலதான் இந்தக் கை. வழியில போலீஸ் நிறுத்தினாலும் புளியங்கொட்டைத் தோல். உங்க அடுப்புல எரிஞ்சு வெளியில வரும்போது அது பழைய கம்ப்யூட்டர் தங்கம். ரசீதோட.”

சுபாஸ்ரீ நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். “நான் மூணு வருஷம் ராப்பகலாப் பாத்து ஒண்ணைக் கண்டுபிடிச்சேன். அதை என் முன்னாலயே வேற எதுக்கோ...” முடிக்கவில்லை. சட்டென்று தலையை நிமிர்த்தினாள். “ராகவேந்திரா விரல் பூரா மருதாணி வெச்சிருப்பாரு. உடம்புச் சூட்டுக்குன்னு சொல்வாரு.”

“சூடு நகத்துக்கடியிலயா இருக்கு?” என்றார் ஜெயச்சந்திரன். “சரி, நகைத் திருட்டு. ஆனா புகார் எங்கே? நல்லபூசலு போச்சுன்னா ரமணி ஸ்டேஷனையே தலைகீழாக் கவுத்துருவா.”

பூர்ணா அவரிடமிருந்து கருமணியை வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

*

ஆனந்தகுமாரின் மேஜைமேல் பூர்ணா முதலில் வால்வின் பிடியை வைத்தாள். அதன் பக்கத்தில் ஜெயச்சந்திரன் தன் ஊதாக் கையை வைத்தார்.

“முதலாளி, இதுக்குக் கூலி எப்படிப் போட்டுத் தர்றீங்க? இருபத்திரண்டு கேரட்டா, இருபத்துநாலா?”

ஆனந்தகுமார் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் உண்மையைச் சொல்ல அதிக நேரம் ஆகவில்லை.

“ராகவேந்திராதான் கடத்தல் தங்கம்னு சொன்னானுங்க. ஏர்போர்ட்ல வர்ற பிஸ்கட்டு. அதைக் கரைச்சு அனுப்பறேன், சுத்தமாக்கிக் குடு, ஆளுக்குப் பாதின்னான். கம்பெனி மூடுற நெலமைங்க மேடம். கவருமெண்டுக்குத்தான் நட்டம், யாரு குடியும் கெடப்போறதில்லேன்னு நெனச்சுட்டனுங்க.”

“இந்தப் பிடியைக் கழட்டினது?”

“சத்தியமா நானில்லீங்க. பொண்ணு சந்தேகப்படுதுன்னு அவன்கிட்ட சொன்னேன். அவ்வளவுதானுங்க.”

“அவ்வளவுதானா சார்?” சுபாஸ்ரீ கட்டுப் போட்ட கையை அவர் முன்னால் நீட்டினாள். அவர் பார்க்க முடியாமல் குனிந்துகொண்டார்.

பூர்ணா கருமணியை எடுத்து மேஜைமேல் உருட்டிவிட்டாள். “பிஸ்கட்டுல இதைக் கோத்து அனுப்புறாங்களா?”

அவர் அதை வெறித்துப் பார்த்தார். அது என்னவென்று அவருக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

எல்லாரும் கொட்டகைக்குப் போனார்கள். தரையில் பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து, சுபாஸ்ரீ ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு மூட்டைகளைச் சல்லடையில் கொட்டிச் சலித்தாள். தோல் கீழே விழுந்தது. சல்லடையில் மணிகள் தங்கின. முதல் மூட்டையில் சில. இரண்டாவதில் இன்னும் சில. அமிலம் தின்ன முடியாத கண்ணாடி. அவற்றோடு அரக்குத் துணுக்குகளும் கிடந்தன. பழைய தாலிக் குண்டுகளுக்குள் அடைக்கிற அரக்கு. மூட்டை குறையக் குறைய ஜெயச்சந்திரனின் பேச்சும் குறைந்தது. அவர் குந்தி உட்கார்ந்து மணிகளை விரலால் ஒதுக்கினார்.

“இது சின்னது. இது பட்டை போட்டது, பழங்காலத்து மணி. இது வேற.” மணிகளைத் தனித்தனிக் குவியலாகப் பிரித்தார். “ஒரே கழுத்து இல்ல மேடம். நெறைய கழுத்து.”

பூர்ணா ஆனந்தகுமாரிடம் திரும்பினாள். “ராகவேந்திரா தோல் விக்கிறதைத் தவிர என்ன செய்யறான்?”

“வயசானவங்களுக்கு வீட்டோட இருந்து பாத்துக்க ஆள் அனுப்பறானுங்க. தனியா இருக்கிறவங்க, படுத்த படுக்கையா இருக்கிறவங்க. எங்கப்பாவுக்குக் கூட ஆள் அனுப்பறேன்னு சொன்னானுங்க...”

அவர் பேச்சு பாதியில் நின்றது.

“புகார் ஏன் இல்லைன்னு இப்போ தெரியுது” என்றாள் பூர்ணா. “புகார் கொடுக்க வேண்டியவங்க உயிரோட இல்லை. பிள்ளைங்க வெளிநாட்டுல. சாவுக்கு வந்து, காரியம் முடிச்சு, வீட்டைப் பூட்டிட்டுப் போயிடுவாங்க. அம்மா கழுத்துல என்ன இருந்தது, அலமாரியில என்ன இருந்ததுன்னு அவங்களுக்கே தெரியாது. வயசானவங்க தூக்கத்துல போயிட்டாங்கன்னா யாரு சந்தேகப்படுவாங்க?”

ஆனந்தகுமார் வெளியே ஓடினார். வேப்பமரத்தடியில் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது நெற்றி விபூதி வியர்வையில் கரைந்து வழிந்திருந்தது.

“மேடம்” என்றார். “அடுத்த வாரம் ஒரு பெரிய சரக்கு வருதுன்னானுங்க.”

அடுத்த வாரம் வரப்போகிற சரக்கு இன்றைக்கு எங்கே இருக்கும் என்று ஒருவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அது இன்னும் யாரோ ஒருத்தியின் கழுத்தில் இருந்தது. அவள் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

“எந்த வீடு?”

“தெரியாதுங்க. கர்னல் வீடுன்னான். சைனிக்புரிப் பக்கம்.”

“சைனிக்புரியில கல்லெடுத்து வீசினா அது கர்னல் வீட்டுலதான் விழும்” என்றார் ஜெயச்சந்திரன் எரிச்சலோடு. “வேற ஏதாவது சொன்னானா? யோசிங்க முதலாளி, யோசிங்க.”

“ஒட்டியாணம் ஒண்ணு இருக்குது, கெட்டியானது, கரைய நேரமெடுக்கும்னான்.”

பூர்ணா சட்டென்று அவர் தோளைப் பிடித்தாள். “என்ன பாஷையில பேசினான்?”

“தெலுங்குலதானுங்க. அவனுக்குத் தமிழ் வராது.”

“தெலுங்குல அது வட்டாணம். வட்டாணம்னா சொன்னான், ஒட்டியாணம்னா சொன்னான்?”

“ஒட்டியாணம்னுதாங்க. நம்மூர் வார்த்தை இவன் வாயில வருதேன்னு நான்கூடச் சிரிச்சேன்.”

“அவன் அனுப்பின ஆளு அந்த வீட்டுல கேட்ட வார்த்தையை அப்படியே அவன்கிட்ட சொல்லியிருக்கு. தமிழ் பேசுற வீடு. கர்னல் போயிட்டார், மனைவி தனியா, பிள்ளை வெளிநாட்டுல.” பூர்ணா காரை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தாள். “லலிதாம்பாள் மாமி. கர்னல் ராமசுவாமியும் மேஜரா இருந்த எங்கப்பாவும் ஒண்ணாச் சீட்டு ஆடுவாங்க. நம்ம ஆபீசுலேருந்து நாலு தெரு தள்ளி இருக்காங்க அண்ணா. நாலு தெரு! நான் போய்ப் பாத்து ஒரு வருஷமாச்சு.”

சுபாஸ்ரீ வரவில்லை. “அவனை இங்கே வரவழைக்கணும். நான் இருக்கேன்” என்றாள். ஆனந்தகுமாரின் கையில் போனைத் திணித்தாள். “அடுப்பு கெட்டுப்போச்சு, சாக்கையெல்லாம் உடனே திருப்பி எடுத்துட்டுப் போன்னு சொல்லுங்க சார். அதுக்கப்புறம் போலீசுக்கு நான் பேசுறேன்.”

அவர் மறுக்கவில்லை.

*

ஜெயச்சந்திரன் அவ்வளவு வேகமாக ஓட்டியதில்லை. பூர்ணா போலீசுக்கும் ஆம்புலன்சுக்கும் பேசி முடித்தபோது கார் அந்த வீட்டு வாசலில் நின்றது.

நட்ட நடுப் பகல். ஆனால் எல்லா ஜன்னல்களிலும் திரை இழுத்திருந்தது. மணியை அடித்ததும் கதவு கொஞ்சமாகத் திறந்தது. முப்பது வயதுப் பெண், நல்ல முகம், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள்.

“அம்மா தூங்கறா. சாயங்காலம் வாங்கோ” என்றாள். தெலுங்கு வாடை வீசும் தமிழ், மாமியின் தமிழ்.

“உன் பேரு?”

“ரஞ்சனா.”

“நான் பக்கத்துத் தெரு. தூங்கினாலும் பார்த்துட்டுப் போறேன்.” பூர்ணா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

படுக்கையறையில் மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. லலிதாம்பாள் தலையணையில் சாய்ந்திருந்தாள். பூர்ணாவுக்கு நினைவிருந்த மாமியில் பாதிதான் அங்கே இருந்தது. கழுத்தில் சங்கிலி இல்லை. பல வருடம் சங்கிலி கிடந்த இடத்தில் வெளுத்த கோடு மட்டும் இருந்தது. கண்கள் பாதி மூடியிருந்தன. கட்டிலருகே சின்ன மேஜையில் ஒரு கிண்ணம் கஞ்சி. மேலே ஆவி பறந்துகொண்டிருந்தது. ஸ்பூன் இன்னும் நனையவில்லை.

பூர்ணா கிண்ணத்தை எடுத்து ரஞ்சனாவிடம் நீட்டினாள்.

“நீ ஒரு வாய் குடி.”

ரஞ்சனா கிண்ணத்தைப் பார்த்தாள். பூர்ணாவைப் பார்த்தாள். பிறகு சமையலறைப் பக்கம் பாய்ந்தாள்.

பின்கதவில் ஜெயச்சந்திரன் இரண்டு கைகளையும் நிலையில் ஊன்றி நின்றிருந்தார். “ஒர்க்‌ஷாப்புல முப்பது வருஷம் பின்வாசல் வழியா நழுவினவன்மா நான்” என்றார். குரலில் சிரிப்பு கொஞ்சமும் இல்லை. “எனக்குத் தெரியாமப் போக முடியாது. உக்காரு.”

அவள் தரையில் சரிந்து உட்கார்ந்தாள். இடுப்பில் செருகியிருந்த அலமாரிச் சாவி கல்லில் பட்டு ஒலித்தது. “ராகவேந்திரா சொன்னதைத்தான் செஞ்சேன்” என்று தெலுங்கில் திரும்பத் திரும்பச் சொன்னாள். “தூங்கத்தான் வைக்கும்னான், வலி இருக்காதுன்னான்.”

போலீஸ் ஜீப்பும் ஆம்புலன்சும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மல்லாபூரிலிருந்து சுபாஸ்ரீ போன் செய்தாள். ராகவேந்திரா மூட்டைகளை எடுக்க வந்தான், பிடிபட்டான். விலங்கு போடுமுன் இன்ஸ்பெக்டர் அவன் கைகளை வெளிச்சத்தில் நீட்டச் சொன்னாராம், மருதாணிச் சிவப்புக்கு நடுவே நகக்கண்கள் ஊதாவாக இருந்தனவாம். அதைச் சொல்லிவிட்டு சுபாஸ்ரீ அழுதாள்.

ஆம்புலன்சில் வந்தவர் நாடி பார்த்தார். பலவீனமாக இருக்கிறது, ஆனால் பிழைத்துக்கொள்வார் என்றார். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது லலிதாம்பாள் கண்ணைத் திறந்தாள்.

“மேஜர் பொண்ணுதானே நீ?”

“ஆமா மாமி, பூர்ணா. பயப்படாதீங்க. கஞ்சியில மருந்து கலந்து கொடுத்திருக்காங்க. இனிமே ஒண்ணும் ஆகாது.”

“தெரியும்டி.”

பூர்ணா அவள் முகத்துக்கு அருகே குனிந்தாள். காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தாள்.

“கசக்கறதே” என்றாள் லலிதாம்பாள். “ரொம்ப நாளாக் கசக்கறது. முதல்ல வாயில ருசி போயிடுத்துன்னு நெனச்சேன். அப்புறம் ஒருநாள் அவ மாத்திரையைப் பொடி பண்ணறதைப் பார்த்தேன்.”

“பார்த்துமா குடிச்சீங்க மாமி? ஒரு போன் பண்ணக் கூடாதா?”

“பண்ணினா போலீஸ்காரா அவளைப் பிடிச்சுண்டு போயிடுவா. அப்புறம் இந்த வீட்டுல யார் இருக்கா?” மூச்சு வாங்கினாள். “ராத்திரி காலைப் பிடிச்சு விடுவா. கர்னல் கதையெல்லாம் கேப்பா. எங்கிட்டத் தமிழ் கத்துண்டா. நகையெல்லாம் எனக்கெதுக்கு? எடுத்துக்கட்டும்னு விட்டுட்டேன்.”

சமையலறைத் தரையில் ரஞ்சனா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பெண் போலீஸ் அவள் கையைப் பிடித்துத் தூக்கினார்.

ஸ்ட்ரெச்சர் வாசலைத் தாண்டும்போது லலிதாம்பாள் பூர்ணாவின் விரலைப் பிடித்து நிறுத்தினாள்.

“அவ இன்னும் சாப்பிடலை” என்றாள். “நான் குடிச்சப்புறம்தான் சாப்பிடுவா. அடுப்புல ரசம் இருக்கு. போறதுக்கு முன்னாடி அவளுக்கு ஒரு வாய் சாதம் போடச் சொல்லு.”

ஆம்புலன்சின் கதவு மூடியது. ஜெயச்சந்திரன் பூர்ணாவைப் பார்த்தார், பிறகு சமையலறைக்குள் போனார். தட்டை எடுக்கிற சத்தம் கேட்டது.